அரியர் கிளியர்... ஆனா லைட் அணையலையே!

பானெட் திற! – வாராவாரம் வண்டி விஷயம்

அரியர் எழுதிப் பாஸ் பண்ணியாச்சு. ரிசல்ட்டும் வந்தாச்சு. ஆனா டிபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டுல உங்க பேரு மட்டும் இன்னும் 'ஸ்டாண்டிங் அரியர்' லிஸ்ட்டுல தொங்குது. என்ன காரணமா இருக்கும்? ஆபீஸ்ல லிஸ்ட்டை இன்னும் மாத்தாம இருக்கலாம். இல்லேன்னா... லிஸ்ட்டுல இருக்கறது நீங்க பாஸ் பண்ணின பேப்பரே இல்லையோ என்னவோ!

ரெண்டுல எதுன்னு பார்க்காம, நேரா போய் நோட்டீஸைக் கிழிச்சுப் போட்டா பிரச்னை முடிஞ்சிடுமா?

ஹைபிரிட் கார் ரிப்பேர்ல அடிக்கடி நடக்கறது இந்த நோட்டீஸ் கிழிக்கிற வேலைதான். பேட்டரியைச் சரி பண்ணியாச்சு, பம்ப்பை மாத்தியாச்சு, பில்லும் போட்டாச்சு. ஆனா டேஷ்போர்டுல லைட் அணைய மாட்டேங்குது. இல்லேன்னா, அணைஞ்ச லைட் மூணு நாள் கழிச்சு 'வந்துட்டேன்ல!'னு மறுபடி எரியுது. உடனே ஸ்கேனரை மாட்டு, 'கிளியர்' பட்டனை அமுக்கு, வண்டியை அனுப்பு!

இந்த வாரம் அந்தப் பட்டனைப் பத்திதான் பேசப் போறோம். ஆட்டோமொபைல், மெக்கானிக்கல், இ.இ.இ. பசங்க மட்டும் இல்ல... நாளைக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் ஹைபிரிட் வாங்கணும்னு ஆசை இருக்கற பி.காம் பார்ட்டிகளும் காதைக் கொடுங்க. காசு போற விஷயம். சில சமயம் உயிர் போற விஷயமும்கூட!

கோடுன்னா என்ன பாஸ்?

நோட்டுல மார்ஜின் போடற கோடு இல்ல. காருக்குள்ள இருக்கற குட்டிக் கம்ப்யூட்டர்கள், 'எனக்கு இங்க வலிக்குது'ன்னு எழுதி வைக்கிற அஞ்சு எழுத்துக் குறிப்பு. அமெரிக்காவுல 1996 மாடல் கார்கள்ல இருந்து இந்த ஏற்பாடு கட்டாயம். பேரு ஓ.பி.டி. டூ. நம்ம நாட்டுல 2010 ஏப்ரல்ல முதல் கட்டமாகவும், 2013 ஏப்ரல்ல இரண்டாம் கட்டமாகவும் வந்தது. ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிஞ்சு பார்த்தா 16 பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். ஸ்கேனரை மாட்டறது அங்கேதான்.

கோடோட முதல் எழுத்தே பாதிக் கதையைச் சொல்லிடும். 'பி'ன்னா இன்ஜின், கியர், மோட்டார் சமாச்சாரம். 'சி'ன்னா பிரேக், ஸ்டீயரிங் மாதிரி அடிப்பகுதி. 'பி'யோட ஒலியிலேயே இன்னொண்ணு இருக்கு, ஆங்கிலத்துல இரண்டாவது எழுத்து. அது ஏர்பேக், ஏ.சி. போன்ற பாடி சமாச்சாரம். 'யூ'ன்னா கம்ப்யூட்டர்கள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கறதுல தகராறு. இந்தக் கட்டுரையில 'பி'ன்னு வர்றதெல்லாம் முதல்ல சொன்ன இன்ஜின் – மோட்டார் 'பி'தான். குழப்பிக்காதீங்க. அதுலயும் 'பி0ஏ'ன்னு ஆரம்பிச்சா, அது ஹைபிரிட் சிஸ்டத்துக்குன்னே ஒதுக்கின வரிசை.

ஒரு முக்கியமான விஷயம். கோடுங்கறது நோய் இல்ல, நோயாளியோட வாக்குமூலம். 'தலை வலிக்குது'ன்னு சொன்னா காரணம் கண்ணா இருக்கலாம், சைனஸா இருக்கலாம், நேத்து ராத்திரி பார்த்த செகண்ட் ஷோவாவும் இருக்கலாம். டாக்டர் கேஸ் ஷீட்டைக் கிழிச்சா தலைவலி போகாதுல்ல?

மூணு ரெஜிஸ்டர்!

கார் இந்தக் கோடுகளை ஒரே இடத்துல எழுதி வைக்கிறது இல்ல. மூணு ரெஜிஸ்டர் இருக்கு.

முதல் ரெஜிஸ்டர், பென்டிங். ஒரு தடவை தப்பு நடந்தா இதுல பேரு ஏறும். லைட் எரியாது. 'இன்டர்னல்ல மார்க் கம்மி, ஜாக்கிரதை'ன்னு லெக்சரர் கூப்பிட்டுச் சொல்ற மாதிரி.

இரண்டாவது, கன்ஃபர்ம்டு. அடுத்த ஓட்டத்துலயும் அதே தப்பு நடந்தா பேரு இங்க வந்துடும், லைட்டும் எரியும். ஸ்டாண்டிங் அரியர்! சில சீரியஸான தப்புகளுக்கு முதல் தடவையே நேரா இங்கேதான்.

மூணாவது, பர்மனென்ட். பேரைப் பார்த்துப் பயந்துடாதீங்க, ஆயுசுக்கும் அழியாதுன்னு அர்த்தம் இல்ல. ஸ்கேனரால அழிக்க முடியாது, அவ்வளவுதான். 12 வோல்ட் பேட்டரியைக் கழட்டினாலும் அழியாது. கார் தானா ஓடி, அந்தச் சோதனையைத் தானா நடத்தி, 'ஆமாம்பா, இப்ப சரியா இருக்கு'ன்னு தானா ஒத்துக்கிட்டாதான் அழியும். திரும்ப எக்ஸாம் எழுதாம இந்த அரியர் போகாது!

இந்த மூணாவது ரெஜிஸ்டர் எப்படி வந்ததுன்னு கேட்டா சுவாரஸ்யம். கலிபோர்னியாவுல பழைய வண்டிகளுக்குப் புகைப் பரிசோதனை கட்டாயம். டெஸ்ட் சென்டர் வாசல்லயே கோடை கிளியர் பண்ணிட்டு, நல்ல பிள்ளையா உள்ள போற கில்லாடிகள் இருந்தாங்க. அவங்களுக்கு வெச்ச செக்தான் இது. 2010 மாடல் கார்கள்ல இருந்து படிப்படியா இதைக் கொண்டுவந்தாங்க. 2019 ஜூலை 1 முதல் பரிசோதனையிலயே இதையும் பார்க்க ஆரம்பிச்சாங்க. கிளியர் பண்ணின பிறகு 15 தடவை இன்ஜின் நல்லா சூடாகி, 200 மைல், அதாவது சுமார் 320 கி.மீ. ஓடியிருந்தா மட்டும் பர்மனென்ட் கோடு மிச்சம் இருந்தாலும் விட்டுடுவாங்க. கில்லாடிக்குக் கில்லாடி!

நம்ம பேஷன்ட்... பிரியஸ்!

உதாரணத்துக்கு ஒரு வண்டியை மேஜை மேல படுக்க வைப்போம். டொயோட்டா பிரியஸ். 1997 டிசம்பர்ல ஜப்பான்ல முதல்ல வந்த ஹைபிரிட். நாம எடுத்துக்கறது 2003-ல் வந்து 2009 வரைக்கும் வித்த இரண்டாம் தலைமுறை. உலகத்துல அதிகமா ரிப்பேர் பார்க்கப்பட்ட ஹைபிரிட்கள்ல இதுவும் ஒண்ணு. காரணம் சிம்பிள்: நிறைய வித்தது, நிறைய வயசாச்சு!

பின் சீட்டுக்குப் பின்னாடி ஒரு பெரிய பேட்டரி. மொத்தம் 28 மாட்யூல். ஒவ்வொண்ணுலயும் 6 செல். ஒரு செல் 1.2 வோல்ட். பெருக்கிப் பாருங்க, 201.6 வோல்ட். மோட்டாருக்குப் போகும்போது இதை 500 வோல்ட் வரைக்கும் ஏத்துவாங்க. பேட்டரியைக் கண்காணிக்கிற கம்ப்யூட்டர் 28 மாட்யூலையும் ரெண்டு ரெண்டா சேர்த்து 14 பிளாக்கா பார்க்கும். முதல் பிளாக் பலவீனம்னா பி3011, இரண்டாவதுன்னா பி3012... இப்படியே 14-வது பிளாக்குக்கு பி3024. ரோல் நம்பர் மாதிரி!

இப்ப இந்த வண்டியில சிவப்பு முக்கோணம் எரியுது. ஸ்கேன் பண்ணினா என்ன வரும்? பி0ஏ80, அதாவது 'ஹைபிரிட் பேட்டரியை மாத்து'. கூடவே பி3015, அஞ்சாவது பிளாக் பலவீனம். ஹைபிரிட் கம்ப்யூட்டர்ல பி3000, அதாவது 'பேட்டரி கம்ப்யூட்டர் ஏதோ சொல்லுதுப்பா'. பிரேக் கம்ப்யூட்டர்ல சி1259, சி1310, அதாவது 'ஹைபிரிட் சிஸ்டத்துல கோளாறு, என்னால பிரேக் அடிச்சு கரன்ட் எடுக்க முடியல'.

கோடு அஞ்சு. நோய் எத்தனை? ஒண்ணே ஒண்ணுதான்! அஞ்சாவது பிளாக் படுத்ததுனால மத்தவங்க எல்லாரும் சேர்ந்து ஒப்பாரி வைக்கிறாங்க. இது தெரியாதவர் பிரேக் சிஸ்டத்தைப் பிரிச்சு மேய ஆரம்பிச்சா, ஓனர் பர்ஸுக்குக் கருமாதிதான்.

சரி, மாட்யூலை மாத்தியாச்சு. அப்புறமும் கோடு நிக்குது. ஏன்? நாலு காரணம் இருக்கு. நாலுக்கும் நாலு வேற வேற வைத்தியம்.

காரணம் 1: லிஸ்ட்டை இன்னும் மாத்தல!

நல்ல காரணம் இதுதான். ரிப்பேர் ஓ.கே. ஆனா கோடு பல கம்ப்யூட்டர்கள்ல உட்கார்ந்திருக்கு. விலை கம்மியான ஸ்கேனர்கள் பெரும்பாலும் இன்ஜின் கம்ப்யூட்டரை மட்டும் எட்டிப் பார்த்துட்டு வந்துடும். பிரேக், பேட்டரி, ஹைபிரிட்னு ஒவ்வொரு ரூமுக்கும் போய்க் கதவைத் தட்டணும்னா கம்பெனியோட டெக்ஸ்ட்ரீம் மாதிரி சாஃப்ட்வேரோ, அந்த மாடலைத் தெரிஞ்ச ஸ்கேனரோ வேணும். பிரின்சிபால் ஆபீஸ்ல பேரை எடுத்தாச்சு, லைப்ரரியில இன்னும் 'டியூ' இருக்குன்னா நோ டியூஸ் கிடைக்குமா? அதே கதைதான்.

அடையாளம்: எல்லா ரூம்லயும் ஒரே ஒரு தடவை கிளியர் பண்ணினா போதும். பிறகு திரும்பி வராது.

கிளியர் பண்ணவே இல்லேன்னாலும், ரிப்பேர் சரியா இருந்தா லைட் தானா அணையும். பெரும்பாலான கோடுகளுக்கு தொடர்ந்து மூணு ஓட்டம் சுத்தமா போனா லைட் அணைஞ்சிடும். அதுக்கப்புறம் 40 தடவை இன்ஜின் ஆறி சூடான பிறகு கோடும் அழிஞ்சிடும். கார் மன்னிக்கும். ஆனா மெதுவா மன்னிக்கும்!

காரணம் 2: ரிப்பேர் பண்ணினவர் விட்டுட்டுப் போனது

பேட்டரிப் பக்கம் கை வைக்கிறதுக்கு முன்னாடி ஆரஞ்சுக் கைப்பிடி உள்ள ஒரு சர்வீஸ் பிளக்கை உருவுவாங்க. வேலை முடிஞ்சதும் திரும்பப் போடணும். இந்த மாடல்ல அதுக்கு மூணு ஸ்டெப்: உள்ளே தள்ளு, கைப்பிடியை மேலே திருப்பு, பிறகு கீழ்நோக்கித் தள்ளிப் பூட்டு. இரண்டு ஸ்டெப்போட 'ஆச்சு'ன்னு எழுந்தா வண்டி ரெடி ஆகாது. பி0ஏ0டி எரியும். அதாவது, 'பூட்டு சரியா விழல, நான் கரன்ட் விட மாட்டேன்'. இதுக்கு ஸ்கேனரை எடுத்து ஆயிரம் தடவை கிளியர் அமுக்கினாலும் பிரயோஜனம் இல்ல. கைப்பிடியை அரை அங்குலம் தள்ளினா முடிஞ்சது!

அடுத்தது, சின்ன பேட்டரி. ஹைபிரிட்லயும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி ஒண்ணு உண்டு. கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் சோறு போடறது அதுதான். ரெண்டு நாள் கதவைத் திறந்து போட்டு வேலை பார்த்தா அது இறங்கிடும். பசி மயக்கத்துல இருக்கற கம்ப்யூட்டர்கள் சம்பந்தமே இல்லாத கோடுகளை எழுதும். யூ0100 மாதிரி, 'இன்ஜின் கம்ப்யூட்டர் பேச மாட்டேங்குது'ன்னு ஒருத்தர் மேல ஒருத்தர் புகார். அதனால கோடைப் படிக்கிறதுக்கு முன்னாடி சின்ன பேட்டரியை சார்ஜ் பண்ணுங்க. பசியில இருக்கறவன்கிட்ட வாக்குமூலம் வாங்காதீங்க!

மூணாவது, காத்து. இன்வெர்ட்டரைக் குளிர வைக்கிற பம்ப் கெட்டா பி0ஏ93 வரும். இந்த மாடலோட பம்ப்புக்காக 2012 நவம்பர்ல டொயோட்டா திரும்ப அழைப்பே விட்டது. புது பம்ப் போட்டாச்சு, ஆனா குழாய்க்குள்ள காத்துக் குமிழி மாட்டிக்கிட்டா தண்ணி சுத்தாது. அதே கோடு திரும்ப வரும். 'புது பம்ப்பும் டூப்ளிகேட்'னு கடைக்காரரோட சண்டைக்குப் போகாதீங்க. காத்தை வெளியேத்துங்க.

காரணம் 3: வேற பேப்பர்ல ஃபெயில்!

இதுதான் பர்ஸை அதிகமா கடிக்கிற காரணம். அஞ்சாவது பிளாக் மாட்யூலை மாத்தியாச்சு, பி3015 போயிடுச்சு. ரெண்டு மாசம் கழிச்சு பி3019. ஒன்பதாவது பிளாக்! ஏன்? 28 மாட்யூலும் ஒரே நாள் ஃபேக்டரியில பொறந்து, ஒரே வெயில்ல ஒண்ணா வயசானவங்க. ஒருத்தர் படுத்தா அடுத்தவர் க்யூவுல நிக்கிறார். அதுலயும் புது ஆளைக் கொண்டுவந்து நடுவுல வெச்சா, கிழவர்களும் குமரனும் சேர்ந்து கயிறு இழுக்கிற போட்டி மாதிரி ஆயிடும். பிளாக்குகளுக்கு நடுவுல வோல்டேஜ் வித்தியாசம் கூடக் கூட கம்ப்யூட்டர் மறுபடி பி0ஏ80-ன்னு கத்தும்.

சில சமயம் மாட்யூலே நிரபராதி. மாட்யூல்களை இணைக்கிற செம்புப் பட்டை, அதாவது பஸ் பார், பச்சையாப் பூத்துப் போயிருக்கும். வோல்டேஜ் அளக்கற மெல்லிசு வயர் அரிச்சிருக்கும். பேட்டரியைக் குளிர வைக்கிற ஃபேன்ல தூசியும் முடியும் அடைச்சிருக்கும். இதையெல்லாம் சுத்தம் பண்ணாம மாட்யூலை மட்டும் மாத்தினா, நோயை விட்டுட்டு நோயாளியை மாத்தின கதை.

காரணம் 4: சட்டம் அப்படி!

மேலே சொன்ன பர்மனென்ட் ரெஜிஸ்டர். இருக்கற மாடல்கள்ல பொறுமையா ஓட்டித்தான் ஆகணும். இங்கேதான் ஹைபிரிட்ல ஒரு வேடிக்கை. சாதாரண காருக்கு ரோட்ல இறங்கினா இன்ஜின் ஓடிக்கிட்டே இருக்கும், சோதனைகளும் வரிசையா நடந்துடும். ஹைபிரிட்ல சிக்னல்ல இன்ஜின் தூங்கும், டிராஃபிக்ல தூங்கும், மெதுவா உருட்டினா தூங்கும். இன்ஜின் தூங்கினா அதோட சோதனை எப்படி நடக்கும்? ஊருக்குள்ளயே பத்து நாள் சுத்தினாலும் சில சோதனை முடியாமலே கிடக்கும். இந்த பிரியஸ்ல மணிக்கு சுமார் 68 கி.மீ.க்கு மேல போனா இன்ஜின் சுழன்றே ஆகணும். அதனால பைபாஸ்ல ஒரு ரவுண்டு சீரா ஓட்டிட்டு வந்தா வேலை நடக்கும்.

பெட்ரோல் ஆவி கசியுதான்னு பார்க்கற சோதனை இன்னும் வேடிக்கை. வண்டியை ஆஃப் பண்ணி சுமார் 5 மணி நேரம் கழிச்சு, எல்லாரும் தூங்கற நேரத்துல, கார் தானா முழிச்சு நடத்திக்கும்! ராத்திரி 'உய்ங்'னு சத்தம் கேட்டா பேய்னு நினைச்சுப் பயந்துடாதீங்க. டேங்க் கழுத்து வரைக்கும் நிரம்பியிருந்தா இந்தச் சோதனை நடக்காது.

அமுக்கவே கூடாத நேரம்

இவ்வளவு நேரம் சிரிச்சோம். இப்ப கொஞ்சம் சீரியஸ்.

சாதாரண 12 வோல்ட் பேட்டரியில மைனஸ் முனை வண்டியோட பாடியில சேர்ந்திருக்கும். ஆனா இந்த 200 வோல்ட் பேட்டரியோட பிளஸ், மைனஸ் ரெண்டுமே பாடியோட சேரவே கூடாது. முழுசா தனித்து நிக்கணும். அப்படி நிக்குதான்னு கம்ப்யூட்டர் சதா அளந்துக்கிட்டே இருக்கும். எங்கேயாவது கசிவு தெரிஞ்சா பி0ஏஏ6 வரும்.

கூடவே ஒரு மூணு இலக்க உபகோடு வரும். அதுதான் கதவு நம்பர். 611-ன்னா ஏ.சி. கம்ப்ரஸர் பக்கம். 612-ன்னா பேட்டரி பக்கம். 613-ன்னா மோட்டார் இருக்கற டிரான்ஸ்ஆக்சில் பக்கம். 614-ன்னா இவற்றுக்கு நடுவுல உள்ள ஹை வோல்டேஜ் டி.சி. பகுதி. 526 மட்டும் வந்தா, 'கசியுது, ஆனா எங்கேன்னு இன்னும் பிடிபடல'ன்னு அர்த்தம்.

611-க்கு ஒரு நல்ல உதாரணம். இந்தக் கார்ல ஏ.சி. கம்ப்ரஸருக்குள்ளயே மின்சார மோட்டார் இருக்கு. அதனால கரன்ட் கடத்தாத தனி ரக எண்ணெய்தான் ஊத்தணும். சாதாரண கார் ஏ.சி.க்குப் போடற 'பேக்' எண்ணெயை ஊத்தினா மின்காப்பு கெட்டுடும். பேட்டரியில ஒரு குறையும் இல்லாம பி0ஏஏ6 வந்து நிக்கும். 'நான் ஏ.சி. கேஸ்தானே போட்டேன், ஹைபிரிட்டைத் தொடவே இல்லையே'ன்னு சொன்னா கார் கேட்காது!

இந்தக் கோடை கிளியர் பண்ணிட்டு ஓட்டினா என்ன ஆகும்? வண்டி ஓடலாம். ஆனா ஒரு முனை ஏற்கெனவே பாடியோட உறவு வெச்சாச்சு. அடுத்த தடவை யாராவது இன்னொரு முனையைத் தெரியாம தொட்டா சர்க்யூட் முழுசாயிடும். தொடறது ஓனரா இருக்க வாய்ப்பு கம்மி. வொர்க்ஷாப்ல ஸ்பானர் எடுத்துக் கொடுக்கற சின்னப் பையனா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நீங்க அழிச்சது கோடை இல்ல பாஸ்... அவனுக்காக வெச்சிருந்த எச்சரிக்கைப் பலகையை!

அதனால ஒரே வார்த்தை: பி0ஏஏ6-ஐ சரி பண்ணாம அழிக்காதீங்க. ஆரஞ்சு கலர் கேபிளை ட்ரெய்னிங் இல்லாம தொடாதீங்க. ட்ரெய்னிங் எடுத்தவங்களே 1000 வோல்ட் தாங்கற ரப்பர் கையுறை போட்டு, சர்வீஸ் பிளக்கை உருவி, உள்ளே தங்கியிருக்கற கரன்ட் இறங்க கம்பெனி சொன்ன நிமிஷம் காத்திருந்து, மீட்டர் வெச்சு வோல்டேஜ் இல்லைன்னு பார்த்துட்டுத்தான் கை வைப்பாங்க. கேபிள் பக்கம் போறது அவங்க வேலை. கோடைப் படிக்கிறது நம்ம வேலை.

சரி, எப்படித்தான் கிளியர் பண்றது?

லேப்ல அப்சர்வேஷன் எழுதற மாதிரி, வரிசையா...

ஒண்ணு, எழுதி வைங்க. கிளியர் அமுக்கறதுக்கு முன்னாடி எல்லா கம்ப்யூட்டர்லயும் உள்ள கோடு, உபகோடு, ஃப்ரீஸ் ஃப்ரேம் எல்லாத்தையும் நோட்டுல எழுதுங்க. இல்லேன்னா போன்ல ஒரு போட்டோ. ஃப்ரீஸ் ஃப்ரேம்ங்கறது தப்பு நடந்த அந்த நொடியில வேகம் எவ்வளவு, இன்ஜின் சூடு எவ்வளவுன்னு கார் எடுத்து வைக்கிற ஸ்னாப். கிளியர் அமுக்கினா அதுவும் சேர்ந்து போயிடும். துப்புத் துலக்கறதுக்கு முன்னாடியே கைரேகையைத் துடைக்கிற போலீஸா இருக்காதீங்க!

ரெண்டு, சின்ன பேட்டரியை முழுசா சார்ஜ் பண்ணுங்க.

மூணு, பிரேக்கை மிதிக்காம பவர் பட்டனை ரெண்டு தடவை அமுக்குங்க. எல்லா லைட்டும் எரியும், ஆனா 'ரெடி' வராது. இந்த நிலையிலதான் எல்லா கம்ப்யூட்டர்லயும் கிளியர் பண்ணணும்.

நாலு, ஆஃப் பண்ணி, கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி ஆன் பண்ணி ஸ்கேன் பண்ணுங்க. உடனே திரும்பி வந்த கோடு பழைய கதை இல்ல, இந்த நிமிஷத்துத் தப்பு. சர்வீஸ் பிளக், கனெக்டர், அறுந்த வயர் எல்லாம் இந்த ரகம்.

அஞ்சு, ஒரு ரவுண்டு ஓட்டுங்க. வந்து பென்டிங் ரெஜிஸ்டரைப் பாருங்க. லைட் எரியறதுக்கு முன்னாடியே முதல் துப்பு அங்கேதான் கிடைக்கும்.

ஆறு, சோதனைகள் எல்லாம் முடிஞ்சு 'ரெடினெஸ்' பட்டியல் முழுசா டிக் ஆகிற வரைக்கும் 'ரிப்பேர் முடிஞ்சது'ன்னு சொல்லாதீங்க. கோடு இல்லைங்கறதும் பாஸ் பண்ணியாச்சுங்கறதும் ஒண்ணு இல்ல. இன்னும் எக்ஸாமே எழுதலைன்னாலும் ஃபெயில் லிஸ்ட்டுல பேரு இருக்காதே!

வாங்கப் போறவங்களுக்கு ஒரு டிப்ஸ்

2010-களில் இலங்கைக்கு ஜப்பான்ல இருந்து நிறைய ஹைபிரிட் கார்கள் ரீகண்டிஷன் வண்டியா வந்து இறங்கின. கொழும்பு, யாழ்ப்பாணம் தெருக்கள்ல பிரியஸும் அக்வாவும் சகஜம். நம்ம ஊர்லயும் 2022-க்குப் பிறகு ஹைரைடர், கிராண்ட் விட்டாரா, ஹைக்ராஸ்னு ஹைபிரிட் வந்தாச்சு. புதுசா வாங்கினதெல்லாம் ஒரு நாள் செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டுக்கு வந்துதானே ஆகணும்? அப்ப இந்த விளையாட்டும் கூடவே வரும்: காலையில கிளியர், மதியம் டெஸ்ட் டிரைவ், சாயங்காலம் அட்வான்ஸ்!

பிடிக்கிறது ஈஸி. ஒரு ஸ்கேனரோட போங்க. கோடு இருக்கான்னு மட்டும் பார்க்காதீங்க. 'கோடு அழிச்ச பிறகு ஓடிய தூரம்', 'அழிச்ச பிறகு இன்ஜின் சூடான தடவை'ன்னு ரெண்டு கணக்கு நிறைய கார்கள்ல இருக்கும். தூரக் கணக்கு 65,535 கி.மீ. வரைக்கும் போகும். ஆயிரக்கணக்குல காட்டினா நிம்மதி. '12 கி.மீ.'னு காட்டினா, விக்கிறவர் முகத்தை அமைதியாப் பார்த்து ஒரே கேள்வி கேளுங்க: 'அண்ணே, இன்னிக்குக் காலையில எந்தக் கோடை அழிச்சீங்க?'

நியாயமா ரிப்பேர் பண்ணினவர்னா கதையைச் சொல்வார், பில்லைக் காட்டுவார், அழிக்கிறதுக்கு முன்னாடி எழுதி வெச்ச லிஸ்ட்டையும் நீட்டுவார். ரிப்பேருக்கு அப்புறம் கிளியர் பண்றது தப்பே இல்ல. பதில் சொல்ல முடியாத கிளியர்தான் தப்பு. அவர் தொண்டையைச் செருமினார்னா, டீ குடிச்சிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வீட்டுக்கு வந்துடுங்க.

கடைசியா, இ.இ.இ. பசங்களுக்கு ஒரு ஹோம் வொர்க். 14 பிளாக்ல 13 பிளாக் ஆளுக்கு 14.4 வோல்ட் காட்டுது, ஒரு பிளாக் மட்டும் 13.2. வித்தியாசம் 1.2 வோல்ட். உள்ளே என்ன நடந்திருக்கும்? மேலே சொன்ன செல் கணக்கைத் திரும்பப் படிச்சா விடை அங்கேயே இருக்கு. க்ளூ கொடுத்தாச்சு, லேப்ல யாரு முதல்ல சொல்றாங்கன்னு பந்தயம் வெச்சுக்கோங்க!

அடுத்த வாரம் வேற பானெட்டைத் திறப்போம். வர்றட்டா!